எம்.எஸ். என்ற இரண்டு எழுத்து

அண்ணன் தன் மகளுக்குத் தை மாதத்தில் முகூர்த்தம் வைத்துவிட்டார். தையில் எங்கள் பக்கம் கார் ஓட்டுவது தனி வித்தை. சம்பா அறுப்பு நேரம். ரோட்டின் ஒரு பாதியில் நெல் காயும், மறு பாதியில் வைக்கோல் கிடக்கும், மிச்சத்தில் நாம் போய்க்கொள்ள வேண்டும். நான் இருக்கும் அமெரிக்க ஊரில் ரோட்டில் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தாலே நாலு பேர் போன் பண்ணிப் புகார் சொல்வார்கள். இங்கே லாரிக்காரர் கூட ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போகிறார்.

அண்ணன் அனுப்பிய காரை ஓட்டி வந்தவர் ஜபருல்லா பாய். நாகூர்க்காரர். குவைத்தில் பதினைந்து வருடம் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். நெல்லை ஒட்டி ஒட்டி வண்டியை நகர்த்தியபடி, "சோத்து மேல டயர ஏத்தக் கூடாதுங்க டாக்டரம்மா" என்றார்.

டாக்டரம்மாவா? பின்சீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்காத குறைதான். பிறகு விஷயம் புரிந்தது. புரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

வழியில் ஒரு கடையில் நிறுத்தி டிகிரி காபி குடித்தோம். எங்கள் பக்கத்தில் காபிக்கே பட்டம் உண்டு, மனுஷனுக்கு இல்லாமல் போகுமா? ஜபருல்லா பாய் டபராவில் காபியை ஆற்றிக்கொண்டே குவைத் கதையைத் தொடங்கினார். குடல் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தாராம்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டாக்டரம்மா. பெரிய டாக்டருங்க காலையில ஒரு தடவை வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிடுவாங்க. ஒரு நர்ஸம்மா இருந்தாங்க, அவங்கதான் என் மூச்சு மாறுறதக் கண்டுபிடிச்சு டாக்டரக் கூட்டியாந்தாங்க. இன்னிக்கும் தொழுகையில அவங்களுக்கும் சேத்துத்தான் துவா கேக்குறேன்."

நான் அதே குவைத்தில் ஏழு வருடம் நர்ஸாக இருந்தவள். 'பாய், நானும் நர்ஸ்தான்' என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் சொன்னது, "காபி ஆறுது பாய், குடிங்க."

ஊர் எல்லையில் ஒரு பிளெக்ஸ் போர்டு. பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி போட்டு நான் எடுத்துக்கொண்ட படம், ஆள் உயரத்துக்கு. ஓரத்தில் அண்ணன் கும்பிட்டபடி நிற்கிறார். 'அமெரிக்காவிலிருந்து வருகை தரும் டாக்டர் மாலதி எம்.எஸ். அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.'

"என்னண்ணே இது?" என்று இறங்கியதுமே கேட்டேன்.

"நீதானே சர்டிபிகேட்ட போட்டோ எடுத்து அனுப்புன? மாஸ்டர் ஆஃப் சயின்ஸுன்னு போட்டிருந்துச்சு. சுருக்குனா எம்.எஸ்.தானே? நம்மூர்ல எம்.எஸ்.னா யாரு? சர்ஜன். பிரஸ்காரரே சொல்லிட்டாரு, எம்.எஸ். போட்டுட்டு முன்னாடி டாக்டர் போடலன்னா மரியாதையா இருக்காதுன்னு."

அமெரிக்காவில் எம்.எஸ். என்றால் முதுநிலைப் பட்டம், பல பாடங்களில் வாங்கலாம். நான் வாங்கியது நர்சிங்கில். இங்கே ஆஸ்பத்திரிப் பேச்சில் எம்.எஸ். என்றால் கத்தி பிடிக்கும் டாக்டர், மறு பேச்சில்லை. கடல் தாண்டியதில் இரண்டு எழுத்துக்கு வந்த உயர்வு இது.

பழியை அண்ணன் தலையில் கட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. கல்யாணப் பத்திரிகையின் மாதிரி இரண்டு மாதம் முன்பே என் போனுக்கு வந்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில் என் பெயர் முதலாவதாக, டாக்டரோடும் எம்.எஸ்.ஸோடும் இருந்தது. பெரிதாக்கி இரண்டு தடவை பார்த்தேன். 'நல்லா இருக்குண்ணே' என்று பதில் போட்டேன்.

என் வேலை என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஊரில்தான் சொல்லவில்லை. தஞ்சாவூரில் நர்சிங் படித்தேன். தொண்ணூறுகளில் தெருவுக்கு நாலு பேர் பெட்டி கட்டிக்கொண்டு வெளிநாடு கிளம்பியபோது நானும் கிளம்பினேன். குவைத்துக்குப் பிறகு அமெரிக்கா. அங்கே பதிவு பெற்ற நர்ஸாகப் பத்து வருடத்துக்கு மேல் வார்டில் நின்றேன். நாற்பது தாண்டிய பிறகு, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் அதே மேஜையில் உட்கார்ந்து படித்து, பட்டம் வாங்கி, நர்ஸ் பிராக்டிஷனர் ஆனேன். நோயாளியைப் பரிசோதித்து, இன்ன வியாதி என்று கண்டுபிடித்து, மருந்துச் சீட்டில் தானே கையெழுத்துப் போடுகிற நர்ஸ். சில டாக்டர்கள் 'என்ன இருந்தாலும் நர்ஸ்தானே' என்று உதட்டைப் பிதுக்குவார்கள். பழைய நர்ஸ் தோழிகள் 'நீ இப்ப அந்தப் பக்கத்து ஆள்' என்று கேலி செய்வார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் ஆஸ்பத்திரிக்கு மூன்றே படி: டாக்டர், நர்ஸ், ஆயா. நடுவில் இன்னொரு படி இருக்கிறது என்று யாருக்கு விளக்குவது?

அங்கே நோயாளி தெரியாமல் டாக்டர் என்று கூப்பிட்டால் அந்த நிமிடமே திருத்துவேன். திருத்தாவிட்டால் உரிமத்துக்கே ஆபத்து. ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய வாக்கியம் அது. விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன் போலிருக்கிறது.

இரண்டாம் நாள் மிச்சமிருந்த வீடுகளுக்குப் பத்திரிகை வைக்கப் போனோம். கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா ஊற்றித் தந்தார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பு வாசனையுமாக, முப்பது வருடத்தில் நான் என் அடுப்பில் எத்தனையோ முறை முயன்று தோற்ற ருசி. வெட்கப்படாமல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கப்பட வேண்டிய காரியம் அதற்கடுத்து இருந்தது.

தாராசுரத்தில் ஒரு வீடு. அந்தக் கோயிலைப் பார்க்கவென்று உலகத்தின் அடுத்த மூலையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நான் காரிலிருந்தபடியே கோபுரத்தைப் பார்த்ததோடு சரி. என் மனசெல்லாம் அந்த வீட்டு வாசலில் இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயதில் அங்கே சம்பந்தம் பேசினார்கள். 'நைட் டூட்டி பாக்குற பொண்ணு எங்களுக்கு ஒத்து வராது' என்று மாப்பிள்ளையைப் பெற்ற அம்மாள் என் அப்பாவிடம் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டார்.

இப்போது அந்த அம்மாளுக்கு எண்பது வயது இருக்கும். நான் உள்ளே நுழைந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். தட்டில் அசோகா அல்வா வந்தது. அண்ணன் பத்திரிகையை நீட்டி, என் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"எம்.எஸ்.ஸா? அப்ப ஆபரேஷன்லாம் நீங்களே பண்ணுவீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள். என்னை 'நீங்க' என்றார்.

"ஆமாம்" என்றேன்.

அதுவரை நான் பொய் எதுவும் சொல்லவில்லை, சும்மா இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த 'ஆமாம்' பச்சைப் பொய். சொன்ன பிறகு அல்வா இன்னும் இனித்தது. அதை எழுதும்போது இப்போது கூசுகிறது, அப்போது கூசவில்லை. திரும்பும் வழியில் டயர் பஞ்சராகி, வாய்க்கால் கரையில் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றபோது கூட நான் சிரித்த முகமாகவே இருந்தேன். ஜபருல்லா பாய்க்கு ஜாக்கி எடுத்துக் கொடுத்தது நான்தான்.

மூன்றாம் நாள் காலை பந்தல்காரர்கள் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கலியபெருமாள் அண்ணன் தன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எங்கள் வயலுக்கு அடுத்த வயலைக் குத்தகைக்குச் செய்கிறவர். சின்ன வயதிலிருந்து என்னை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்.

"கும்புடுறேங்க டாக்டரம்மா. நேத்தே வந்தோம். தாராசுரம் போயிட்டதா சொன்னாங்க."

அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் வாசனை வந்துவிட்டது. வார்டில் நின்றவர்களுக்கு அந்த வாசனையைச் சொல்லித் தர வேண்டாம். காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். வலது கால் கட்டைவிரலும் அடுத்த விரலும் கரிக்கட்டையாக இருந்தன. பாதம் முழுக்க வீங்கி, சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. பாதத்தில் நாடி தேடினேன், அகப்படவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது.

"எப்பண்ணே ஆச்சு?"

அவர் மனைவி பாக்கியத்தக்கா சொன்னார். "அறுத்த வயல்ல நெல்லுத் தாளு குத்திருச்சும்மா. சக்கரை ஒடம்பு, குத்துனதே தெரியல. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வெரல ஒடனே எடுக்கணும், இன்னிக்கே படுங்கன்னாங்க. இவருக்கு மனசு இல்ல. அப்பத்தான் உங்கண்ணன், எம்.எஸ். படிச்ச நம்ம வூட்டுப் பொண்ணே வருது, ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணுங்கன்னாரு. பன்னெண்டு நாளா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

நான் என் அண்ணனைப் பார்த்தேன். அவர் பந்தல்காரரைப் பார்த்தார்.

"இப்பவே கிளம்புங்க. ஒரு நிமிஷம் கூட வைக்கக் கூடாது" என்றேன்.

"வெட்டித்தான் ஆவணும்னா நீங்களே வெட்டிடுங்க டாக்டரம்மா" என்று கலியபெருமாள் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "நம்ம ஊருப் புள்ள கையால போனா எனக்கு நிம்மதி."

பந்தல்காரர்கள் கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். 'நான் சர்ஜன் இல்லண்ணே, நர்ஸ்' என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. "இந்த நாட்டுல எனக்கு லைசென்ஸ் இல்லண்ணே" என்றேன். அது உண்மைதான். பொய்யைவிடக் கேவலமான உண்மை.

ஜபருல்லா பாய் வண்டியை எடுத்தார். நான் கலியபெருமாள் அண்ணனின் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பாதி வழியில் ஒரு குறுகலான பாலத்தில் கதிர் அறுக்கும் மெஷின் ஏறி நின்றுகொண்டிருந்தது. எதிரே நெல் மூட்டை லாரி. இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பாய் இறங்கி ஓடினார். "உள்ள பேஷண்ட் இருக்கு, டாக்டரம்மாவே கூட வந்திருக்காங்க, கொஞ்சம் பின்னாடி எடுங்க!" டாக்டரம்மா என்ற சொல்லுக்கு மெஷின்காரர் விட்டுக்கொடுத்துப் பின்னால் எடுத்தார். அந்தச் சொல்லால் அன்றைக்கு நடந்த ஒரே நன்மை அதுதான். அதற்கே இருபது நிமிடம் போய்விட்டது.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டர். என் மகள் வயது. காலைப் பார்த்ததும் முகம் மாறியது. பழைய சீட்டை வாங்கிப் படித்தார்.

"பன்னெண்டு நாளைக்கு முன்னாடி வந்திருக்கீங்க. அன்னிக்கே அட்மிட் ஆகச் சொல்லி எழுதியிருக்கே? ஏன் போயிட்டீங்க?"

"இவங்களுக்காகத்தாம்மா" என்று பாக்கியத்தக்கா பெருமையோடு என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "அமெரிக்காவுல பெரிய சர்ஜன். எம்.எஸ்."

அந்தப் பெண் சட்டென்று எழுந்து நின்றார். "சாரி மேம், கவனிக்கல. நீங்க பாத்துட்டீங்களா? முட்டிக்குக் கீழ எடுத்தாப் போதும்னு நினைக்கிறீங்களா? எங்க சீஃப் இப்ப வந்துருவார், நீங்களே பேசிடுங்களேன்."

இனிமேல் ஒளிய இடமில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தப் பெண் என் பேச்சைக் கேட்டு ஒரு மனுஷனின் காலை அளப்பாள்.

"நான் டாக்டர் இல்லைம்மா. நர்ஸ்" என்றேன். "எம்.எஸ். நர்சிங்ல வாங்கினது."

பக்கத்தில் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டாக்டர் கோபம் ஒன்றும் இல்லாமல், "சரிங்க சிஸ்டர். நீங்க கொஞ்சம் வெளியில வெயிட் பண்ணுங்க" என்று வேலையைப் பார்க்கத் திரும்பினார். அது நியாயமான வார்த்தை. பாக்கியத்தக்கா என் கையை விட்டார். உதறவில்லை, பிடித்திருந்த விரல்கள் தானாகக் கழன்றன.

அன்று மாலை முட்டிக்குக் கீழே காலை எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள்.

வீட்டுக்கு வந்து, பந்தலில் இருந்த எல்லார் முன்னாலும் அண்ணனிடம் கத்தினேன். "நான் நர்ஸுன்னு உனக்குத் தெரியாதா? ஏண்ணே அந்த மனுஷனக் காக்க வச்ச?"

அண்ணன் அழுதுகொண்டே சொன்னார். "தெரியாம என்ன? அமெரிக்காவுல மருந்துச் சீட்டு எழுதுறவ, உனக்கு இதுகூடத் தெரியாதான்னு நெனச்சேன். அப்பா அன்னிக்கு தாராசுரத்துலேந்து வந்து படுத்தத நான் மறக்கல. அதுக்காகத்தான் டாக்டருன்னு போட்டேன். பத்திரிகையைப் பாத்துட்டு நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அழிச்சிருப்பேனே. நல்லா இருக்குன்னுதானே அனுப்புன?"

அவர் போட்டார், நான் ரசித்தேன், கால் கலியபெருமாள் அண்ணனுக்குப் போனது. பிளெக்ஸை அன்றைக்கே இறக்கச் சொன்னேன். பத்திரிகையை என்ன செய்வது? ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த நாட்களில் நான் கல்யாண வேலை எதையும் தொடவில்லை. தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் நெல் தூசிக்கும் கூட்டத்துக்கும் நடுவே நின்றுகொண்டு தஞ்சாவூர் போனேன். கேண்டீன் பொங்கல் வாங்கிக் கொடுத்தேன். துணி மாற்றிவிட்டேன், படுக்கையில் புரட்டிவிட்டேன். கலியபெருமாள் அண்ணன் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எதுவும் சொல்லிக் கூப்பிடவே இல்லை. பாப்பாவும் இல்லை, டாக்டரம்மாவும் இல்லை. வேண்டியதை பாக்கியத்தக்காவிடம் சொல்வார், அவர் என்னிடம் சொல்வார்.

மன்னிப்புக் கேட்டேன். பாக்கியத்தக்கா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"உன்ன மட்டும் என்னத்தச் சொல்றது?" என்றார். "எங்க ஊரு நர்ஸு சுகந்தி, ரெண்டு தடவை வூட்டுக்கு வந்து அழுவாத கொறையாச் சொல்லுச்சு. காலு கறுக்குது, போயிடுங்க, போயிடுங்கன்னு. இவரு கேட்டாரா? நீ நர்ஸு, உனக்கு என்ன தெரியும், அமெரிக்காவுலேந்து டாக்டரு வருதுன்னு வெரட்டி வுட்டாரு. நானும்தான் கூட நின்னேன்."

நான் எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றேன். ஒரு நர்ஸ் சரியாகச் சொல்லியிருக்கிறாள். அவளை நர்ஸ் என்பதற்காகத் துரத்தியிருக்கிறார்கள். துரத்தப் பயன்பட்ட ஆள் இன்னொரு நர்ஸ், நான்.

அமெரிக்கா கிளம்புவதற்கு முதல்நாள் சுகந்தியே வார்டுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும், சீருடைச் சேலை, தோளில் பெரிய பை. தன் பகுதி நோயாளி எப்படி இருக்கிறார் என்று பார்க்க டூட்டி முடிந்த கையோடு பஸ் பிடித்து வந்திருந்தாள். சார்ட்டை எடுத்துப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள், இன்சுலின் நேரத்தைக் கேட்டாள். எதையும் விடவில்லை. நான் செய்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

பிறகு என்னிடம் வந்தாள். "நீங்க நர்ஸுன்னு சொன்னாங்க. மருந்தெல்லாம் நீங்களே எழுதுவீங்களாமே, நெசமாவாக்கா?"

"நெசந்தான்."

"நர்ஸா இருந்துக்கிட்டேவா?" அவள் முகம் மலர்ந்துபோனது. "எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. நர்ஸு இவ்வளவு தூரம் வரலாம்னு தெரிஞ்சிருந்தா, நான் வூடு வூடாப் போயிச் சொல்லியிருப்பேனே. எங்க ஊருப் பொண்ணு, என்ன மாதிரி நர்ஸுன்னு." கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படிச் சொல்லியிருந்தா இவுங்க என் பேச்சையும் கேட்டிருப்பாங்க. ஏங்க்கா நீங்க சொல்லல?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"நர்ஸுன்னு சொல்லிக்க வெக்கமா இருந்துச்சும்மா" என்றேன்.

அவள் தன் சீருடைச் சேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.